ஆலை விடும் வாயுவுக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

வீட்டுக்கு வரும் சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ போனால் தீர்ந்துவிடும். அந்த 14.2 கிலோ எங்கே போனது? எரிந்து காற்றோடு போயிற்று என்போம். சரிதான். ஆனால் காற்றோடு போனது 14.2 கிலோ இல்லை. ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு, அதோடு நீராவியும்.

இதைச் சொன்னதும் எங்கள் தெரு அக்கா ஒருவர் சிரித்துவிட்டார். "உள்ள இருந்ததே பதினாலு கிலோ, வெளிய எப்படி தம்பி நாப்பத்திரண்டு வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கேஸில் இருக்கும் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயுவாக வெளியே போகிறது. எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்தது. இந்த "12க்கு 44" மட்டும் மனதில் நின்றுவிட்டால், மீதி எல்லாம் மளிகைக் கணக்கு மாதிரிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 42 கிலோவைக் கண்டுபிடிக்க அடுப்புக்கு மேலே எந்தக் கருவியையும் வைக்கவில்லை. சிலிண்டரின் எடை தெரிந்தது, பெருக்கினோம், விடை வந்துவிட்டது. பெரிய பெரிய ஆலைகளும் பெரும்பாலும் இப்படித்தான் தங்கள் பசுங்குடில் வாயுக் கணக்கை, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்கை, எழுதி அரசிடம் கொடுக்கின்றன. புகைபோக்கியின் உச்சியில் ஆளை ஏற்றி அளப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. சில நாடுகளில் பெரிய மின் நிலையங்களின் புகைபோக்கியில் கரியமில வாயுவை அளக்கும் கருவி இருப்பது உண்மைதான். ஆனால் மிகுதியான இடங்களில் கணக்கு பிறப்பது எடைமேடையிலும் ஸ்டோர் ரூம் பதிவேட்டிலும்.

கடலூர்க்காரர்களுக்கு ஆலை வாயு என்றால் முதலில் வேலை செய்வது மூக்கு. பழைய நகரத்தைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது என்பதற்குப் பெயர்ப்பலகை தேவைப்படாத நாட்கள் உண்டு. 2004இல் இந்தப் பகுதி ஊர்க்காரர்களே வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் போராட்டம் நச்சு வாயுக்களைப் பற்றியது. பக்கத்தில் குடியிருப்பவரின் நுரையீரலைப் பற்றியது. நான் இங்கே சொல்லவருவது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டுமே புரியாமல் போகும்.

துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரிக்குள் போயிருக்கிறீர்களா? அம்மோனியா கொஞ்சம் கசிந்தாலே கண்ணில் தண்ணீர் கொட்டும், ஆள் வெளியே ஓடிவிடுவார். ஆனால் பசுங்குடில் வாயுக் கணக்கில் அம்மோனியாவுக்கு மதிப்பு பூஜ்யம். அதே ஊரில் ஒரு கார் ஏசியிலிருந்து ஆர்-134ஏ என்ற வாயு கசிகிறது. நாற்றம் கிடையாது, புகை கிடையாது, ஏசி குளிரவில்லையே என்று மெக்கானிக்கிடம் போகும்வரை யாருக்கும் தெரியாது. அதில் 1 கிலோ வெளியேறினால் 1,300 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். துணைமின் நிலையங்களில் சர்க்யூட் பிரேக்கருக்குள் அடைத்துவைக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும்: 1 கிலோவுக்கு 23,500 கிலோ. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் முக்கியமான எதுவும் மூக்குக்கோ கண்ணுக்கோ பிடிபடாது. அதனால்தான் இதற்கு நோட்டுப் புத்தகம் வேண்டியிருக்கிறது.

இந்தச் "சமம்" என்ற வார்த்தையில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஃபுளோரின் சேர்ந்த சில வாயுக்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சூடாக்கும். எல்லாவற்றையும் ஒரே காசில் சொல்லாவிட்டால் கூட்ட முடியாது. எனவே நூறு ஆண்டுக் காலத்தில் எது எவ்வளவு சூடாக்கும் என்று பார்த்து, கரியமில வாயுவை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். மீத்தேனுக்கு 28, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 265. ஐ.நா. சார்ந்த பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாவது மதிப்பீட்டில் உள்ள எண்கள் இவை. புதிய மதிப்பீடு வரும்போது எண்ணும் கொஞ்சம் நகரும். வெவ்வேறு ஆண்டு அறிக்கைகளை ஒப்பிடுகிறவர்கள் எந்தப் பதிப்பின் எண்ணில் கணக்குப் போட்டார்கள் என்று முதலில் பார்ப்பது நல்லது.

சரி, யார் கணக்குக் கொடுக்க வேண்டும்? டீக்கடை அடுப்புக்கெல்லாம் கணக்குக் கேட்டால் நாடு தாங்காது. அதனால் ஒரு கோடு போடுகிறார்கள். இந்த மாதிரிச் சட்டங்களில் பலரும் எடுத்துக்காட்டும் ஒன்று அமெரிக்காவினுடையது. 2009 அக்டோபரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட விதிப்படி, ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் விடும் ஆலைகள் 2010ஆம் ஆண்டு உமிழ்விலிருந்து கணக்குக் கொடுக்கத் தொடங்கின. எரிபொருள் விற்கிறவர்களையும் சேர்த்து சுமார் 8,000 இடங்கள். எந்த ஆலை எவ்வளவு விட்டது என்பதை யார் வேண்டுமானாலும் இணைய வரைபடத்தில் தட்டிப் பார்க்கலாம்.

25,000 டன் என்றால் எவ்வளவு? நம் சிலிண்டரில் சொன்னால் ஆறு லட்சம் சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு. டீசலில் சொன்னால் 90 லட்சம் லிட்டருக்கு மேல். பிரம்மாண்டமாகத் தோன்றுகிறதா? இப்போது நெய்வேலிக்கு வாருங்கள். அங்கே புதிய அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு. இரண்டும் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 2.4 கோடி யூனிட். பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே கரியமில வாயு வரும். ஆக, அமெரிக்கக்காரர் ஓர் ஆண்டுக்குப் போட்ட கோட்டை இந்த நிலையம் ஏறக்குறைய ஒரே நாளில் தொட்டுவிடும். சில நூறு இடங்களைக் கணக்கில் பிடித்தாலே நாட்டின் உமிழ்வில் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும் என்பது இதனால்தான்.

அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எனக்கு இதில்தான் சுவாரசியம்.

சுரங்கத்திலிருந்து வரும் நிலக்கரி ஓடுபட்டையில் ஓடும்போதே அதன் அடியில் உள்ள தராசு எடையைப் பதிந்துகொள்கிறது. ஆனால் எடை மட்டும் போதாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். கையில் எடுத்தால் கரி என்றே தோன்றாது. ஈர மண்கட்டி மாதிரி இருக்கும். ஈரம் எரியாது, கரியமில வாயுவும் தராது. அதனால் நாள்தோறும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எரிந்தால் எத்தனை கலோரி என்று பார்க்கிறார்கள். அந்த வெப்ப மதிப்போடு உமிழ்வுக் காரணி என்ற எண்ணைப் பெருக்குகிறார்கள். இத்தனை வெப்பம் தரும் இந்த எரிபொருள் இத்தனை கிலோ கரியமில வாயு விடும் என்று முன்பே சோதித்து வைத்த எண் அது. நிலக்கரிக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, இயற்கை எரிவாயுவுக்கு ஒன்று. டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

எரிப்பதால் மட்டும் வாயு வருவதில்லை. நம் கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 100 கிலோ சுத்தமான கிளிஞ்சல் போட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். காணாமல் போன 44 கிலோவும் கரியமில வாயு. அடுப்புக்கரியிலிருந்து வந்தது தனி. இது கல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. பக்கத்து அரியலூரில் சிமென்ட் ஆலைகள் சுண்ணாம்புக்கல்லை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். சிமென்ட் ஆலை நாளைக்கே முழுக்க சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் இந்த 44 போகாது. கணக்கில் இதைச் செயல்முறை உமிழ்வு என்று தனிப் பத்தியில் எழுதுவார்கள்.

கரும்பு ஆலைக்கு இன்னொரு விதி. நெல்லிக்குப்பம் பக்கம் சீசனில் போனால் கொதிகலனில் எரிவது கரும்புச் சக்கை. எரியும்போது கரியமில வாயு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கார்பனைக் கரும்பு போன பருவத்தில்தான் காற்றிலிருந்து எடுத்தது. அடுத்த பருவக் கரும்பு மறுபடி எடுத்துக்கொள்ளும். அதனால் அதைத் தனியே எழுதிக் காட்டுவார்கள், மொத்தத்தில் கூட்டமாட்டார்கள். பல கோடி ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்ததைத் தோண்டி எரிப்பதும் இதுவும் ஒன்றில்லை என்பது வாதம். சக்கை, விறகு என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடலாமா என்ற சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. கரும்புக்கு இந்த வாதம் பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. முப்பது ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டி எரித்தால் அவ்வளவு லேசாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாம் சரி, எழுதுகிற ஆள் ஒழுங்காக எழுதுகிறாரா? படித்து முடித்த புதிதில் ஒரு சின்ன ஆலையில் ஜெனரேட்டர் டீசல் பதிவேட்டைச் சில மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் அளவுக்கோலை டேங்கில் விட்டுப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. எனக்கு முன்னால் இருந்தவர் சனிக்கிழமை மாலை உட்கார்ந்து ஆறு நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதியிருந்தார். ஒரே பேனா, ஒரே மை, தினமும் அழகாக 40 லிட்டர், மின்வெட்டே இல்லாத நாளிலும். நானும் இரண்டு வாரம் அப்படித்தான் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்த தணிக்கையாளர் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. "டீசல் பில்லை எல்லாம் கொண்டு வாங்க" என்றார். வாங்கியது, டேங்கில் மிஞ்சியது, ஓடிய மணிநேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதினார். பத்து நிமிடத்தில் வேடம் கலைந்துவிட்டது.

பெரிய ஆலைகளின் வாயுக் கணக்கைச் சரிபார்ப்பதும் அடிப்படையில் இந்தப் பத்து நிமிட வேலையின் பெரிய வடிவம்தான். வாங்கிய எரிபொருள் ஒரு பக்கம், செய்த பொருள் மறு பக்கம். நடுவில் எழுதியது இரண்டோடும் ஒட்ட வேண்டும்.

அப்புறம், யாருடைய வாயு யார் தலையில்? துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் புகைபோக்கியே கிடையாது. ஆனால் கம்ப்ரசர் ஓட மின்சாரம் தின்கிறது. அந்த மின்சாரத்துக்காக எங்கோ நிலக்கரி எரிந்தது. மின் நிலையத்துக்கு அது நேரடி உமிழ்வு. கணக்கு மொழியில் ஸ்கோப் 1. ஐஸ் ஃபேக்டரிக்கு அதே வாயு ஸ்கோப் 2, அதாவது வாங்கிய மின்சாரத்தின் வழியாக வந்தது. ஐஸ் ஏற்றிப் போகும் லாரி வேறொருவருடையது என்றால் அது ஐஸ்காரருக்கு ஸ்கோப் 3. லாரிக்காரருக்கு அது ஸ்கோப் 1. ஒரே வாயு இரண்டு பேர் நோட்டில் வருகிறதே, இரட்டிப்புக் கணக்கு ஆகாதா? எல்லா நோட்டையும் கூட்டினால் ஆகும். அதனால்தான் நாட்டுக் கணக்கைக் கூட்டும்போது புகை கிளம்பிய இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டு ஸ்கோப்பும் அவரவர் எங்கே குறைக்க முடியும் என்று பார்த்துக்கொள்ள உதவும்.

இந்தியாவில் இதற்கென்று அமெரிக்கா மாதிரி ஒரே விதி கிடையாது. இரண்டு மூன்று கதவுகள் வழியாகக் கணக்கு வருகிறது.

பழைய கதவு 2001ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புச் சட்டம். பெரிய ஆலைகளை ஆற்றலின் அளவை வைத்து "குறிப்பிட்ட நுகர்வோர்" என்று வகைப்படுத்துகிறது. அனல் மின் நிலையத்துக்கு வரம்பு ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றல், காஸ்டிக் சோடா ஆலைக்கு 12,000. இவர்கள் ஆண்டுதோறும் ஆற்றல் கணக்கை ஒப்படைக்க வேண்டும். எரிபொருள் தெரிந்தால் வாயு தெரிந்த மாதிரிதான், 12க்கு 44.

அடுத்தது பங்குச் சந்தை வழி. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பைச் சொல்லும் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையை 2021இல் கொண்டுவந்தது. 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயம். ஸ்கோப் 1, ஸ்கோப் 2 உமிழ்வுகள் அதில் இருக்கும். இதில் ஒரு குறை. அது நிறுவனத்தின் கணக்கு; ஆலையின் கணக்கு இல்லை. ஒரு நிறுவனத்துக்கு நாலு மாநிலத்தில் ஆலை இருந்தால் நாலையும் கூட்டி ஒரே எண் வரும். கடலூரில் உள்ளது எவ்வளவு விட்டது என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. பங்குச் சந்தைக்கே வராத நிறுவனம் என்றால் அந்த எண்ணும் கிடையாது.

புதிய கதவு, கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம். 2023 ஜூனில் அறிவித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2025 அக்டோபரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அலுமினியம், சிமென்ட், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய நான்கு துறைகளில் 282 ஆலைகளுக்கு இலக்கு வைத்து விதி வெளியிட்டது. குளோர்-ஆல்கலி என்றால் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது. புதுச்சேரி காலாப்பட்டில் இந்த வகை ஆலை ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டுக்குப் புதுச்சேரி எல்லையான கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலகம், இந்தப் பக்கம் ஓர் அலுவலகம் என்று இருந்தாலும் இந்த விதி நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

இதில் இலக்கு மொத்த டன்னுக்கு இல்லை, ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு வாயு என்பதற்கு. 2023-24 தான் அடிப்படை ஆண்டு. இலக்கைவிடக் குறைத்தால் மிச்சமான ஒவ்வொரு டன் வாயுவுக்கும் ஒரு சான்று, விற்கலாம். மிஞ்சினால் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தையின் சராசரி விலையைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். பொருளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால் ஒரு வேடிக்கை நடக்கலாம். ஓர் ஆலை ஒரு டன் பொருளுக்கு விடும் வாயுவை 5 சதவீதம் குறைத்து, உற்பத்தியை 20 சதவீதம் கூட்டினால் விதிப்படி பாராட்டு, காற்றுக்குப் போவதோ முன்பைவிட 14 சதவீதம் அதிகம். வளர்ந்துகொண்டிருக்கும் நாட்டில் இப்படித்தான் தொடங்க முடியும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் செய்தியில் "உமிழ்வு குறைந்தது" என்று படித்தால் எது குறைந்தது என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவின் நெருக்கடியும் இதற்குப் பின்னால் இருக்கிறது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றை அங்கே அனுப்பினால் அதைச் செய்யும்போது எவ்வளவு வாயு வந்தது என்று 2023 அக்டோபரிலிருந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கணக்கு இல்லாதவர் சரக்குக்கு மதிப்பு குறையும்.

கணக்குக் கொடுப்பதாலேயே ஒரு கிலோகூடக் குறைந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது போலத்தான் இது. ஆனால் கணக்கையே நிறுத்திவிடவும் முடியும். அந்த 8,000 இடங்களின் வரைபடத்தை வைத்திருக்கும் அமெரிக்க முகமையே 2025 செப்டம்பரில் பெரும்பாலான துறைகளுக்கு இந்த அறிக்கை இனி வேண்டாம் என்று முன்மொழிந்தது. செலவு மிச்சம் என்பது அவர்கள் சொன்ன காரணம். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கும் காசும் மிச்சம்தான்.

நம் ஊரில் இருந்துகொண்டு எதைப் பார்க்க முடியும்? மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் ஓர் எக்செல் கோப்பை இணையத்தில் போடுகிறது. நாட்டின் மின்கட்டமைப்பில் உள்ள நிலையங்கள் ஒவ்வொன்றும் எத்தனை யூனிட் தயாரித்தது, எத்தனை டன் கரியமில வாயு விட்டது என்று அலகு வாரியாக இருக்கும். நெய்வேலி என்று தேடினால் வரிசையாக வரும். நாட்டுச் சராசரி யூனிட்டுக்கு 0.7 கிலோ வாக்கில் நிற்க, பழுப்பு நிலக்கரி நிலையங்கள் அதற்கு மேலே இருப்பதை அந்த ஒரே கோப்பில் பார்க்கலாம். இலக்கு வைத்த 282 ஆலைகளுக்கு அரசிதழ் அட்டவணையில் பெயரோடு உற்பத்தியும், ஒரு டன்னுக்கு எவ்வளவு வாயு என்ற எண்ணும் அச்சாகியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் அந்த ஆலையின் 2023-24 உமிழ்வு கிடைத்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும் வேலை.

சிப்காட்டில் இந்த இரண்டு பட்டியலிலும் சேராத, பங்குச் சந்தையிலும் இல்லாத ஒரு ரசாயன ஆலையை எடுத்துக்கொண்டால், கொதிகலனில் அது எரிக்கும் எரிபொருளின் பில் ஆலைக்குள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கும். வெளியே இருப்பவருக்கு இன்றைக்கும் மூக்குதான்.